மூணாம் நம்பர் கட்டில்

பேய் இருக்கிற இடத்துக்குப் பட்டப்பகலில் போனால் பயமில்லை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த ஆள் கையில் கிடைத்தால் நாலு வார்த்தை நன்றாகக் கேட்பேன். மத்தியானம் இரண்டு மணி, வெயில் மண்டையைப் பிளக்கிறது, எனக்கோ கால் பின்னுகிறது. அந்தப் பிரசவ ஆஸ்பத்திரியின் மாடிப்படியை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே ஏறினேன். எண்ணிக்கொண்டிருந்தால் வேறு எதையும் நினைக்க வேண்டியதில்லை பாருங்கள்.

"என்ன முணுமுணுப்பு?" என்றார் முன்னால் போய்க்கொண்டிருந்த அண்ணி.

"படி எண்ணுறேன் அண்ணி."

"எத்தனை?"

"நாப்பத்திரெண்டு."

"பரவாயில்லையே, இன்னைக்கு உருப்படியா ஒரு வேலை பண்ணியிருக்க." நின்று அதை நோட்டில் எழுதிக்கொண்டார். கிண்டலா நிஜமா என்று எனக்குப் புரியவில்லை. அண்ணியிடம் அது எப்போதுமே புரியாது.

என் அண்ணன் கப்பலில் இன்ஜினியர். வருஷத்தில் பத்து மாசம் தண்ணீரில் கிடப்பார். அண்ணி கரையில் துப்பறியும் ஆபீஸ் நடத்துகிறார். நான் அவருடைய உதவியாளன். வண்டி ஓட்டுவேன், போட்டோ எடுப்பேன், மீதி நேரத்தில் திட்டு வாங்குவேன்.

இந்தக் கேஸைக் கொண்டுவந்தவர் ஒரு தையல்காரர். கீழே வராந்தா பெஞ்சில், மூன்று மாசப் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குழந்தை பிறந்த அன்றே அவர் மனைவி இதே ஆஸ்பத்திரியில், மாடியில், மூணாம் நம்பர் கட்டிலில் போய்விட்டாள். ரத்தம் நிற்கவே இல்லை. பெரிய நர்ஸ் நல்ல ஊசியை வெளியே விற்றுவிட்டு வெறும் தண்ணீரை ஏற்றிவிட்டார் என்பது தையல்காரர் கட்சி. புகாரும் எழுதி சட்டைப் பையில் வைத்திருந்தார்.

"நேரா ஸ்டேஷனுக்கே போயிருப்பேங்க," என்று காலையில் எங்களிடம் சொன்னார். "ஆனா அவ செத்தப்ப அந்த நர்ஸம்மா என்னைவிட அதிகமா அழுதாங்க. அதுதான் உறுத்துது. அஞ்சு மணி வரைக்கும் இங்கேயே உக்காந்திருக்கேன். அந்த ஊசியில என்ன இருந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க. சொல்லலைன்னா கிளம்பிடுவேன்."

ஆக, எங்களுக்கு மூன்று மணி நேரம். இருபத்தாறு வருஷம் குழந்தைகளைக் கையில் வாங்கிய ஒரு பெண் ஜெயிலுக்குப் போவாரா மாட்டாரா என்பது அதற்குள் தெரிய வேண்டும்.

மேலே வருவதற்கு முன்பே கீழே மருந்து அறையைச் சல்லடை போட்டிருந்தோம். ஃப்ரிட்ஜ் சில்லென்று இருந்தது. வந்த மருந்து, போன மருந்து, இருக்கிற மருந்து எல்லாம் கச்சிதம். ஒரு குப்பிகூட வெளியே போகவில்லை.

"அப்ப திருட்டு இல்லை," என்றேன்.

"ஆனா சாவு இருக்கே," என்றார் அண்ணி.

மாடியில் பிரசவ அறை. மூன்று கட்டில், நடுவில் பச்சைத் திரைகள். முதல் இரண்டு ஜன்னல் பக்கம், மூணாம் நம்பர் கதவை ஒட்டி. அதன் தலைமாட்டில் கத்தரிக்கோல், கிண்ணம் எல்லாவற்றையும் ஆவியில் வேகவைக்கிற ஸ்டெரிலைசர், நாள் முழுக்க உஸ் உஸ் என்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அதற்கு மேலே சுவரில் ஒரு மர அலமாரி. காலியாகக் கிடந்த அந்த மூணாம் நம்பர் கட்டிலில் விரிப்பு மட்டும் லேசாக அசைந்தது. மின்விசிறிக் காற்றுதான். காற்றேதான் என்று எனக்கு நானே மூன்று தடவை சொல்லிக்கொண்டேன்.

பயம் வந்தால் எனக்கு வாயில் ஏதாவது இருக்க வேண்டும். பையிலிருந்து சாக்லேட்டை எடுத்தேன்.

"இங்க தின்பண்டம் கூடாது." பின்னால் ஒரு குரல். தூக்கிவாரிப் போட்டது. தரையைத் துடைத்துக்கொண்டிருந்த ஆயாம்மா. நான் சாக்லேட்டை அவசரமாக மர அலமாரியில் வைத்துவிட்டு நல்ல பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டேன்.

"ஏம்மா, இந்தக் கட்டிலைப் பத்தி என்னென்னவோ சொல்றாங்களே?" என்று அண்ணி பேச்சுக் கொடுத்தார்.

ஆயாம்மா துடைப்பதை நிறுத்தினார். குரல் இறங்கியது. "போன வருஷம் ஒரு டீச்சரம்மா இதுல செத்துச்சு. ரத்தம் எல்லாம் போயி, வெள்ளைத் துணி மாதிரி கிடந்துச்சு. அதுதான் திரும்ப வருது. தனக்குப் பத்தாத ரத்தத்தை இதுல படுக்கிறவங்ககிட்ட எடுத்துக்குது."

"நீங்க பாத்தீங்களா?"

"நான் பாக்கலை. பெரிய நர்ஸம்மா பாத்திருக்கு. கட்டில் கால்மாட்டைப் பாத்து, தனியா, 'இதோ வந்துட்டேன், இதோ வந்துட்டேன்'னு பேசும். நான் காதால கேட்டேன்."

என் முதுகில் ஜில்லென்று வேர்த்தது. ஆயாம்மா மறுபடி தரையைத் துடைக்க ஆரம்பித்தார், கூடவே புலம்பலும். "என் உயிரை வாங்குறதும் இந்தக் கட்டில்தான். மத்தவங்க எல்லாம் செருப்பை வாசல்ல விட்டுட்டு ஒழுங்கா வர்றாங்க. மூணாம் நம்பருக்கு வர்றது பூரா செருப்போட ஏறுது. மண்ணு, சேறு, எல்லாம் நான்தான்..."

"எல்லாருமேவா?" அண்ணியின் பேனா நின்றுவிட்டது.

"ஒருத்தர் பாக்கி இல்லை."

அண்ணி பிரசவ ரெஜிஸ்டரை எடுத்து மடியில் விரித்தார். நான் எட்டிப் பார்த்தேன். டீச்சரம்மா செத்த பிறகு இந்த ஒரு வருஷத்தில் ஆறு பேருக்கு ரத்தம் கட்டுக்கடங்காமல் போயிருக்கிறது. ஐந்து பேரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிப் பிழைக்க வைத்திருக்கிறார்கள். பிழைக்காத ஒருத்தி தையல்காரர் மனைவி. ஆறும் மூணாம் நம்பர்.

"வந்த நேரத்தையும் குழந்தை பிறந்த நேரத்தையும் பாரு," என்றார் அண்ணி.

பார்த்தேன். ஒன்பது நிமிஷம். பதினாலு நிமிஷம். தையல்காரர் மனைவிக்குப் பதினொன்று.

"எல்லாரும் கடைசி நேரத்துல அடிச்சுப் பிடிச்சு வந்தவங்க. அதான் கதவுக்குப் பக்கத்துக் கட்டில். அதான் செருப்பு."

"பேய்க்கு அவசரக்காரங்களைத்தான் பிடிக்கும் போல," என்றேன். சிரிக்கலாம் என்று பார்த்தேன், சிரிப்பு வரவில்லை.

"இன்னொண்ணையும் பாரு. டீச்சரம்மா செத்த முதல் நாலு மாசம் இந்தக் கட்டில்ல யாருக்கும் எதுவும் ஆகலை. அப்பவும் அவசரக்காரங்க வந்திருக்காங்க."

"நாலு மாசம் லீவ்ல இருந்திருக்கும் அண்ணி."

"எந்தப் பேய்டா லீவ் போடும்?" என்றவர் கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே யோசித்தார்.

அப்போது பெரிய நர்ஸ் உள்ளே வந்தார். ஒல்லியான உடம்பு, ஐம்பத்தைந்து வயசிருக்கும், தூக்கத்தை மறந்த கண். கை கழுவப் போகும்போது மூணாம் நம்பரைச் சுற்றிக்கொண்டு போனார். அதைப் பார்க்கவே இல்லை. பார்க்காமல் இருப்பதில் அவ்வளவு கவனம்.

"ஊசி போட்டீங்களா நர்ஸம்மா?" அண்ணி சுற்றி வளைக்கவில்லை.

"போட்டேன். ஒண்ணு இல்லை, மூணு. ஆக்ஸிடோசின்."

"அது என்ன பண்ணும்?" என்று நான் கேட்டேன். எனக்கு நிஜமாகவே தெரியாது.

அவர் ஈரக் கையை நீட்டி முஷ்டியை மூடிக் காட்டினார். "குழந்தை வெளிய வந்ததும் கர்ப்பப்பை இப்படி இறுகணும் தம்பி. நஞ்சுக்கொடி ஒட்டிட்டிருந்த இடத்துல ரத்தக் குழாய் எல்லாம் வாயைத் திறந்துட்டு இருக்கும். தசை இறுகி அதை நெரிச்சாத்தான் ரத்தம் நிக்கும். இறுகச் சொல்லி மூளையிலேருந்து ஒரு சுரப்பு வரும். அதுதான் ஆக்ஸிடோசின். வலி வர்றதும் அதனாலதான், பால் பீச்சி வர்றதும் அதனாலதான். சில உடம்புக்கு அது பத்தாது. யாருக்குப் பத்தாதுன்னு முன்னாடியே தெரியாது. அதனால எல்லாருக்குமே, குழந்தை பிறந்த நிமிஷமே, அதே மருந்தை ஊசியா போட்டுடுவோம்."

"அன்னைக்கு?"

"இறுகலை." முஷ்டி திறந்தபடியே நின்றது. "அந்தப் பொண்ணு 'பாப்பாவைக் குடுங்க, பாப்பாவைக் குடுங்க'ன்னு கேட்டுட்டே இருந்தா. நான் குடுக்கலை. இன்னொரு ஊசி, இன்னொரு ஊசின்னு அதுலயே இருந்துட்டேன். இப்ப தினமும் கேக்குது, காதுக்குள்ள."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். இவரா திருடினார்? என் மனசு ஒப்பவில்லை. ஆனால் என் மனசை எந்தக் கோர்ட்டும் கேட்காது.

அண்ணி அடுத்த கேள்விக்கு வாயைத் திறந்தபோது படிக்கட்டில் தடதடவென்று சத்தம். ஒரு பெண்ணை அவளுடைய அம்மா தாங்கிப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தாள். "வந்துடுச்சு, தலை வந்துடுச்சு!" என்று அலறல். நர்ஸம்மாவின் சோர்வு எங்கே போனதோ தெரியவில்லை. ஒரே எட்டில் அவளைப் பிடித்து, பக்கத்தில் இருந்த கட்டிலில் சாய்த்தார்.

மூணாம் நம்பர். அவள் காலில் செருப்பு.

ஆயாம்மா என்னை வெளியே தள்ளித் திரையை இழுத்துவிட்டார். அண்ணியை யாரும் தள்ளவில்லை. அண்ணியை யாரும் தள்ள முடியாது. நான் கதவுக்கு இந்தப் பக்கம் சுவரோடு ஒட்டிக்கொண்டு, காதைப் பொத்துவதா வேண்டாமா என்று தவித்தேன். பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. வீறிட்டு ஒரு அழுகை. "ஆம்பளைப் புள்ளை!" என்றார் ஆயாம்மா. உடனே நர்ஸம்மா, "ஊசி போட்டாச்சு," என்றார்.

அப்பாடா என்று மூச்சு விட்டேன். உள்ளே யாரும் விடவில்லை போலிருக்கிறது.

"இறுகு தாயே," என்று நர்ஸம்மாவின் குரல். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். "இறுகும்மா. இறுகும்மா." சொட்டுச் சொட்டாக இருந்த சத்தம் தரையில் வழிகிற சத்தமாக மாறியது. ஆயாம்மா மெதுவாக, ஆனால் எனக்குக் கேட்கிற மாதிரி, "வந்துட்டா," என்றார்.

"நர்ஸம்மா." அண்ணியின் குரல் கத்தி மாதிரி வந்தது. "இப்ப போட்ட ஊசி எங்கேருந்து வந்துச்சு?"

அண்ணி அதோடு விடவில்லை.

"ஃப்ரிட்ஜ் கீழே இருக்கு. நாப்பத்திரெண்டு படி. நீங்க இந்த இடத்தை விட்டு நகரவே இல்லை. குழந்தை அழுது முடிக்கிறதுக்குள்ள கையில மருந்து. எங்கேருந்து எடுத்தீங்க?"

"அலமாரியில... என் டப்பா..."

அலமாரிக் கதவு திறக்கிற சத்தம். அப்புறம் அண்ணி போட்ட சத்தத்தில் சுவரே அதிர்ந்தது. "தம்பி! உன் சாக்லேட் கஞ்சியாக் கிடக்கு! கீழே ஓடு! ஃப்ரிட்ஜ்ல இருக்கிற ஊசியை எடுத்துட்டு வா! ஓடு!"

சாக்லேட்டுக்கும் ஊசிக்கும் என்ன சம்பந்தம் என்று யோசிக்கவில்லை. ஓடினேன். படியில் பாதிதான் காலில் பட்டது. மருந்து அறைக்காரர் நிதானமாகக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "சீட்டு?" என்றார்.

"சீட்டு மேலே செத்துட்டிருக்கு, எடுய்யா!"

நான் போட்ட கத்தலில் புற நோயாளி அறையிலிருந்து டாக்டரம்மா எழுந்து மாடிக்கு ஓடினார். பெஞ்சில் தையல்காரர் எழுந்து நின்றுவிட்டார். சில்லென்ற குப்பிகளை இரண்டு கையிலும் பொத்திக்கொண்டு திரும்ப ஏறினேன். திரைக்குள் கையை மட்டும் நீட்டினேன். யாரோ பிடுங்கிக்கொண்டார்கள்.

திரை இடுக்கில் நர்ஸம்மாவின் முதுகு தெரிந்தது. ஒரு கையால் அந்தப் பெண்ணின் அடிவயிற்றை அழுத்திப் பிசைந்துகொண்டே இன்னொரு கையை ஆயாம்மாவிடம் நீட்டினார். "பாப்பாவைக் குடு. அவ நெஞ்சுல போடணும். சப்பட்டும். உள்ள இருக்கிற கொஞ்ச நஞ்சமாவது சுரக்கட்டும்."

"அது மட்டும் போதாது," என்றார் டாக்டரம்மா, சிரிஞ்சில் மருந்தை இழுத்துக்கொண்டே.

"போதாதுன்னு தெரியும் டாக்டர். ஆனா அவ கேக்குறா, குடுத்துடுவோம்."

அந்தப் பெண் எதுவுமே கேட்டிருக்கவில்லை. அவளுக்குப் பாதி நினைவுகூட இல்லை. நர்ஸம்மாவிடம் கேட்டது யார் என்று எனக்குப் புரிந்தபோது மயிர்க்கூச்செறிந்தது.

ஊசி ஏறியது. சுவர்க் கடிகாரம் நகர்ந்தது. நான் எந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன் என்று வெளியே சொல்ல முடியாது. இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம்.

"இறுகுது," என்றார் நர்ஸம்மா. "டாக்டர், கல்லு மாதிரி இறுகுது."

அப்புறம்தான் அண்ணி ஒரு பழைய பிஸ்கட் டப்பாவோடு வெளியே வந்தார். அதில் ஆறேழு கண்ணாடிக் குப்பிகள். டப்பாவைத் தொட்டுப் பார்த்தேன், இன்னும் சூடாக இருந்தது. டாக்டரம்மாவும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். நர்ஸம்மா வராந்தாத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இதை எப்ப நிரப்பினீங்க?" என்றார் அண்ணி.

"டீச்சரம்மா செத்த மறுநாள்," என்றார் நர்ஸம்மா. "அன்னைக்கு ஊசிக்காகக் கீழே ஓடினேன். ஃப்ரிட்ஜ் சாவி வச்சிருக்கிற ஆளு டீ குடிக்கப் போயிட்டாரு. தேடிப் பிடிச்சு வாங்கிட்டு வர்றதுக்குள்ள அவ போயிட்டா. அப்புறம் தினமும் வந்து கால்மாட்டுல நிப்பா. 'எங்க போனீங்க?'ன்னு கேப்பா. இனிமே எங்கயும் போகவே கூடாதுன்னு மருந்து அறையில கணக்கு எழுதி வாங்கி ஒரு பெட்டி மருந்தைக் கையெட்டுற இடத்துல வச்சேன். அவசரத்துக்கு மட்டும்தான் எடுப்பேன். மத்த எல்லாருக்கும் ஃப்ரிட்ஜ் மருந்துதான்."

டாக்டரம்மா ஒரு குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஒரு நாள் ரெண்டு நாள் வெளியில இருந்தா பாதகமில்லை. ஸ்டெரிலைசர் ஆவிக்கு மேல மாசக் கணக்குல இருந்தா இதுக்குள்ள மருந்து கொஞ்சம் கொஞ்சமா செத்துப் போகும். பால் கெட்டா திரியும், நாறும், தெரிஞ்சுடும். இது கெட்டா ஒண்ணும் தெரியாது, பாக்க அப்படியே இருக்கும்." குப்பியை வைத்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டார். "இவ்வளவு சீக்கிரம் ஊசி எப்படி வருதுன்னு ஒரு தடவைகூட நான் கேக்கலையே. உங்க கை வேகம்னு எல்லார்கிட்டயும் பெருமையடிச்சேனே."

முதல் நாலு மாசம் ஏன் யாருக்கும் எதுவும் ஆகவில்லை என்று இப்போது எனக்கும் விளங்கியது. மருந்து அப்போது முழுசாகச் சாகவில்லை.

அண்ணியை ஓரமாக இழுத்துக் கேட்டேன். "அப்ப பேய் கீய் எல்லாம் இல்லைதானே?"

"ஏன் இல்லை? இந்த டப்பாவை அவங்க கையில குடுத்து அங்க வைக்கச் சொன்னது யாருன்னு நினைக்கிற?" அண்ணி சிரிக்கவில்லை. எனக்கு மறுபடி வேர்த்தது.

மணி நாலே முக்கால். "நான் போய்ச் சொல்றேன்," என்று அண்ணி நோட்டை எடுத்தார். "வேண்டாம். நான்தான் சொல்லணும்," என்று நர்ஸம்மா எழுந்து முன்னால் இறங்கினார்.

தையல்காரர் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தார். குழந்தை அவர் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. நர்ஸம்மா அவர் முன்னால் நின்று, ஒன்றையும் மறைக்காமல், டப்பாவையும் அலமாரியையும் சூட்டையும் சொன்னார். "ஊசியை நான் விக்கலை. தண்ணியும் ஏத்தலை. மருந்துதான். ஆனா அதைச் சாகடிச்சது நான்."

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. ரொம்ப நேரம் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார். அப்புறம் அவர் கேட்டது நான் சத்தியமாக எதிர்பாராதது.

"கீழ ஃப்ரிட்ஜ்ல நல்ல மருந்து இருந்துச்சே. எடுக்க நேரம் இல்லையா?" அவர் வாய் கோணியது. "ஒரு சட்டைக்குப் பொத்தான் வச்சு முடிச்சிடுறேன், ஒரு அரை மணி நேரம் பொறுத்துக்கன்னு அவளை உக்கார வச்சேன். வலி வலின்னு சொன்னா. நான்தான் இரு இருன்னேன். அதனாலயா? நான் லேட்டா கூட்டிட்டு வந்ததனாலயா?"

மூன்று மாசமாக இந்த மனுஷனை ஆட்டிவைத்தது இதுதான். நர்ஸம்மா திரும்பி அண்ணியைப் பார்த்தார். அண்ணியின் நோட்டில் 'பதினொரு நிமிஷம்' என்று எழுதியிருந்தது. அண்ணி நோட்டை மூடினார்.

"இல்லைங்க," என்றார் நர்ஸம்மா. "நேரம் நிறைய இருந்துச்சு. நீங்க நல்ல நேரத்துக்குத்தான் கூட்டிட்டு வந்தீங்க. படி இறங்கி ஏறச் சோம்பல் பட்டுட்டு நான்தான் போகலை."

என்னது? சோம்பலா? வாயைத் திறந்தேன். அண்ணி என் காலை ஓங்கி மிதித்தார். உயிர் போனது. வாயை மூடிக்கொண்டேன்.

தையல்காரர் உடைந்து அழுதார். சத்தமில்லாமல், குழந்தை விழித்துவிடாமல், உடம்பு மட்டும் குலுங்க அழுதார். அழுது முடித்ததும் சட்டைப் பையிலிருந்து புகார்த் தாளை எடுத்தார். "இதுல வித்துட்டாங்கன்னு எழுதியிருக்கேன். அது பொய்யாச்சே. இப்ப எப்படி எழுதணும்னு தெரியலை."

"குடுங்க," என்று நர்ஸம்மா பேனாவை வாங்கி, பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த வரியை அடித்தார். மேலே தன் கையாலேயே நிதானமாக எழுதினார்: 'அலட்சியத்தாலும் சோம்பலாலும்.' எழுதித் தாளை அவரிடம் திருப்பினார். "கீழே கையெழுத்துப் போடுங்க."

ஒரு கையில் குழந்தையை வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் தாளைப் பிடிக்கவும் பேனாவைப் பிடிக்கவும் அவரால் முடியவில்லை. தாள் நழுவியது. இரண்டு தடவை முயன்று பார்த்தார். பிறகு குழந்தையைத் தோளிலிருந்து எடுத்து நர்ஸம்மாவிடம் நீட்டினார்.

"ஒரு நிமிஷம் பிடிச்சுக்கங்க," என்றார்.